தேசிக்காய்ப் படம் போட்ட போத்தல்

கோயிலில் கொடியேறுவதற்கு முதல் நாள், என் சமையலறைச் சட்டிகள் அத்தனையும் முற்றத்தில் கிடந்தன. வெளியே எடுக்கச் சொன்னது என் கணவரின் அக்கா. எடுத்ததும் கழுவியதும் நான். பார்த்துக்கொண்டு நின்றது கணவரின் சொந்தக்காரர், பன்னிரண்டு பேர்.

எங்கள் வீடு நல்லூரில், கோயிலுக்குப் பத்து நிமிட நடை. கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் மச்சம் வராது. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. மீன் காய்ச்சுகிற சட்டிகளை நான் மூன்று நாள் முன்பே கழுவி, சாக்கில் கட்டி, பின்கொட்டிலில் வைத்துவிட்டேன். சைவச் சட்டிகள் வேறு. அவற்றில் மீன் பட்டதே இல்லை. ஆனாலும் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றி அலசினேன். பிறகு ஒவ்வொரு சட்டிக்குள்ளும் மூக்கை விட்டு மணந்து பார்த்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். ஒன்றைச் செய்து முடித்தாலும் செய்தேனா என்று நெஞ்சு கேட்டுக்கொண்டே இருக்கும். பால் திரைந்துவிடுமோ, படலை திறந்து கிடக்கிறதோ, ஆராவது போன் எடுக்காமல் விட்டால் கோபமோ என்று, நாளில் பாதி இப்படித்தான் போகும்.

கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கனடாவிலிருந்து வந்திறங்கிய பயணக் களைப்பு ஆற முன்னமே சமையலறைக்குள் வந்தார். ஒரு சட்டியை எடுத்து மணந்தார்.

“உதென்ன வெடுக்கு? உம்மடை சட்டி மீன் மணக்குது.”

“இல்லை மச்சாள், உது சைவச் சட்டி. நான் நாலு தரம் கழுவினனான்.”

“நாலு தரமோ நாப்பது தரமோ, மணக்குது எண்டால் மணக்குது. எல்லாத்தையும் வெளியாலை எடும். எனக்கு முன்னாலை திருப்பிக் கழுவும்.”

விறாந்தையில் வந்த ஆட்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். கணவரின் தகப்பனுடைய தங்கச்சி, எல்லோரும் மாமி என்று கூப்பிடுகிறவர், கோப்பையோடு எழும்பி வந்தார்.

“என்ன பிள்ளை, என்ன நடக்குது?”

மச்சாள் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: “எட்டாம் வகுப்போடை நிண்டதுகளுக்குச் சுத்தம் எண்டால் என்னெண்டு தெரியும், மாமி? மீன் சட்டியிலை சாமிக்குப் படைக்கிறது. பிறகு வீட்டிலை ஒண்டும் சரிவரேல்லை எண்டு அழுறது.”

என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவையில்லாத நேரமெல்லாம் கதைக்கிற மனிசன்.

நான் முற்றத்தில் குந்தியிருந்து முப்பத்தொரு சட்டியும் கழுவினேன். கையில் சாம்பல் எரிந்தது. எட்டாம் வகுப்போடு நான் நின்றது விருப்பத்துக்கு இல்லை. இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடமே அகதிகள் தங்குகிற இடமாக இருந்தது. அதை ஆரிடம் சொல்வது? அடுத்த நாள் கோயில் வீதியில் ஒரு பெண் என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு கேட்டாள்: “என்னக்கா, சட்டியெல்லாம் கழுவியாச்சோ?” அந்தச் சிரிப்போடு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்தப் பேச்சை மச்சாளின் வாயாலேயே திருப்பி எடுக்க வைக்கவேண்டும். அதுவும் அதே பன்னிரண்டு பேருக்கு முன்னால். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

மச்சாள் விரதம் பிடிக்கத்தான் வந்திருந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணமாகி ஆறு வருசம், பிள்ளை இல்லை. கொடியேறிய நாள் முதல் மச்சம் தொடாமல், ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, திருவிழா முடிந்து பாறணை பண்ணுவதாக நேர்த்தி. நேர்த்தியில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் சட்டியில் சமைத்த எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்றுவிட்டார். மத்தியானத்தில் தானே கோவா, கரட், கெக்கரிக்காய், சலாது இலை எல்லாம் வெட்டி, அதன் மேல் தான் கொண்டுவந்த போத்தலில் இருந்து ஊற்றிச் சாப்பிடுவார். பெரிய போத்தல். முன்பக்கம் பச்சை இலையோடு, மஞ்சள் எலுமிச்சம்பழமாக, ஒரு வெளிநாட்டுத் தேசிக்காய்ப் படம். உள்ளே இளமஞ்சளாய், தடிப்பாய் ஒரு குழம்பு.

“உது என்ன மச்சாள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தேசிக்காயிலை செய்யிற சோஸ். படத்தைப் பார்த்தாலே தெரியுமே. உம்மடை கை அதிலை படாமல் பார்த்துக்கொள்ளும்.”

கொடியேறி ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மச்சாள் காலைப் பூசைக்குப் போய்விட்டார். பிரிட்ஜுக்குள் அந்தப் போத்தல் கசிந்து தட்டில் ஒட்டியிருந்தது. கை படக்கூடாது என்று சொன்னதுதான். ஆனால் தட்டு அழுக்காய் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. போத்தலை எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது பின்பக்கத்துச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது.

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் இடம்பெயர்ந்து இருந்த காலம் முழுக்க நிவாரணமாய்க் கொடுத்த தகர ரின் மீனில்தான் எங்கள் வீட்டுச் சீவியம் போனது. அந்த ரின்னின் மேல் மீன் என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த நாலு எழுத்தை, வெறும் ரின்னை வைத்து விளையாடி விளையாடி, என் பெயரைவிட நன்றாகத் தெரியும். அதே நாலு எழுத்து இந்தப் போத்தலின் பின்னால், மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாகத் தடித்து நின்றது.

எனக்கு என் கண்ணிலேயே நம்பிக்கை வரவில்லை. போத்தலைச் சீலைப் பைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, சந்தியில் இருக்கிற பார்மசிக்குப் போனேன். அங்கே நிற்கிற பிள்ளை மருந்துப் பெட்டி எல்லாம் கடகடவென்று வாசிக்கும்.

“தங்கச்சி, உதிலை என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லும்.”

அவள் போத்தலைத் திருப்பிப் பிடித்தாள். “எண்ணெய், தேசிக்காய், உள்ளி, பால்கட்டி... முட்டை இருக்கு அக்கா. பிறகு, உது நெத்தலி.”

“நெத்தலியோ? மெய்யாவோ?”

“ஓமக்கா, நெத்தலி மீன். ஒத்துக்கொள்ளாத ஆக்கள் கவனிக்கவேணும் எண்டுதான் தடிச்ச எழுத்திலை போட்டிருக்கினம். ஏன், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதோ?”

“எனக்கில்லைப் பிள்ளை. வேறை ஒரு ஆளுக்கு.”

திரும்பி நடந்து வரும்போது வெயில் தெரியவில்லை. எட்டு நாளாக மச்சாள் விரதச் சாப்பாட்டின் மேல் முட்டையும் மீனும் ஊற்றித் தின்றிருக்கிறார். முப்பது வருசம் அங்கே இருந்து ஆங்கிலம் கதைக்கிற ஆள், படத்தைப் பார்த்ததோடு சரி, பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. முதலில் எனக்கு வந்த எண்ணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்: தின்னட்டும். கடைசி நாள்வரை தின்னட்டும், பிறகு சொல்லுவோம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் பழைய வருத்தம் பிடித்துக்கொண்டது. அந்தப் பிரிட்ஜ் என்னுடையது. சாமிக்கு வைக்கிற பால் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. மீன் எட்டு நாளாக என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. குற்றம் வந்தால் ஆரில் வரும்? என் பிள்ளைகளில் வரும். போத்தலில் மிச்சம் இருந்த பாதியைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். ஊற்றி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பூனை மதிலால் குதித்து வந்து மண்ணோடு நக்கத் தொடங்கியது. பார்மசிப் பிள்ளையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்றால் அதுவும் போயிற்று.

வெறும் போத்தலோடு மச்சாளிடம் போய் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். தனியாகத்தான் கேட்பார், தனியாகத்தான் அழுவார். அடுத்த நாள் கதையையே மாற்றிவிடுவார். பன்னிரண்டு பேருக்கு முன்னால் பட்ட அவமானத்துக்குத் தனியறைக் கண்ணீர் காணாது. போத்தலை நிரப்பி வைக்க முடிவெடுத்தேன்.

மச்சாள் கோயிலால் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. தேசிக்காய் ஆறு எடுத்தேன். உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பலகையில் உருட்டினேன். உருட்டினால்தான் சாறு இளகும். வெட்டிப் பிழிந்தேன். தோடம்பழம் ஒன்று பிழிந்து சேர்த்தேன், அதன் இனிப்புக்கு. தேங்காய் எண்ணெய் விட்டு, உப்பும் மிளகும் போட்டுக் குலுக்கினேன். பார்வைக்குச் சரியாய் இருந்தது. ஆனால் நான் சும்மா விடுகிற ஆள் இல்லையே. கொஞ்சத்தைக் கோப்பையில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் எண்ணெய் உறைந்து, மேலே வெள்ளைக் கட்டியாய் நின்றது. என் பயந்த சுபாவத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தரம் நன்றி சொன்னேன்.

இரண்டாவது தரம் மரக்கறி எண்ணெய் விட்டேன். மணத்துக்குத் தேசிக்காய்த் தோலைச் சுரண்டிப் போட்டேன். அவசரத்தில் பச்சைத் தோலுக்குக் கீழே இருக்கிற வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசிச் சொட்டுவரை வேறு பிழிந்திருந்தேன். நாக்கில் வைத்தால் வேப்பங்காய்.

மூன்றாவது தரம் நிதானமாய்ச் செய்தேன். தோலின் மேல் பச்சையை மட்டும், துருவியில் தொட்டும் தொடாமலும். தேசிக்காயை முக்கால்வாசியோடு பிழிந்து விட்டுவிடவேண்டும். சாற்றுக்கு ஆசைப்பட்டுக் கையை முறுக்கினால் கைப்பு இறங்கும். முந்திரிக் கஜு பத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, உள்ளி ஒரு பல்லும் கடுகு கொஞ்சமும் சேர்த்து அரைத்தேன். அதுதான் தடிப்பைக் கொடுத்தது. ஒரு கரண்டி தேன். நல்லெண்ணெய் நாலே சொட்டு, அதற்கு மேல் போனால் காட்டிக்கொடுத்துவிடும். நிறத்துக்கு மஞ்சள் தூள், ஊசி முனையளவு. சாற்றோடு அரைத்ததைக் கரைத்து, எண்ணெயை நூல்போல விட்டு விட்டு அடித்தேன். கட்டி இல்லாமல், பிரியாமல், இளமஞ்சளாய் வந்தது. போத்தலைப் புளியும் சாம்பலும் போட்டு உள்ளேயும் வெளியேயும் கழுவி, மணந்து பார்த்து, திரும்பவும் கழுவி, நேற்று நின்ற மட்டத்துக்கு நிரப்பினேன்.

அன்று மத்தியானம் மச்சாள் சலாதின் மேல் ஊற்றி ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

“ம்... குளிருக்குள்ளை இருந்து இருந்து இப்பதான் உருசை ஏறியிருக்கு,” என்றார்.

அன்றிலிருந்து அவர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், குறைந்ததை நானே செய்து ஊற்றி நிரப்பி வைத்தேன். மட்டம் இறங்கவே இல்லை. மச்சாளுக்கு அதுவும் பெருமை.

“பாருங்கோ மாமி, அங்கத்தைச் சாமான். எத்தினை நாளாய் விட்டுத் தின்னுறன், முடியுதில்லை.”

மாமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “எங்கடை தேசிக்காய் மாதிரித்தான் கிடக்கு.”

“விசர்க் கதை கதையாதையுங்கோ. உது வேறை சாதித் தேசிக்காய். உதின்ரை பக்குவம் இஞ்சை ஒருத்தருக்கும் வராது.”

“அப்ப அட்சய பாத்திரம் எண்டு சொல்லு. எனக்கும் ஒண்டு அனுப்பிவிடு, நான் சோறு காய்ச்சத் தேவையில்லை,” என்றார் மாமி.

நான் பின்னால் நின்று கோப்பை கழுவினேன். சிரிப்பு வந்தது, முகத்தைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எந்தக் காரியத்தையும் நாளைக்கு என்னாகுமோ என்று நினைத்தே செய்கிற எனக்கு, அந்த நாட்களில் நாளை எப்போது வரும் என்றிருந்தது.

திருவிழா முடிந்து பாறணை. அதே பன்னிரண்டு பேரும் வந்தார்கள். என் சமையலறையில் மச்சாள்தான் புதுச் சட்டி வாங்கிச் சமைத்தார். நான் வாழையிலை வெட்டிக் கழுவிக் கொடுப்பதோடு சரி. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய கோப்பை சலாதும், அந்தப் போத்தலும். ஆட்கள் கேட்டுக் கேட்டு ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

“உதின்ரை பேர் என்ன? என்ரை மகனிட்டைச் சொல்லி எடுப்பிக்கலாம்,” என்று மாமி கேட்டார்.

“இஞ்சை கிடையாது மாமி. பேரை எழுதித் தாறன்.” மச்சாள் என்னைக் காட்டினார். “உவவைக் கேளுங்கோ, நாளும் பொழுதும் பிரிட்ஜிலை பார்க்கிறா, பேர் தெரியுமோ எண்டு. எழுத்துக் கூட்டவே ஒரு வருசம் எடுக்கும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். உள்ளே போய், முதல் நாளே ஆயத்தமாக வைத்திருந்த தட்டத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தேன். தேசிக்காய், தோடம்பழம், அரைத்த கஜு, எண்ணெய். நின்ற நிலையில் உருட்டினேன், பிழிந்தேன், சுரண்டினேன், அடித்தேன். ஒரு கரண்டி எடுத்து மாமியின் இலையில் விட்டேன்.

மாமி தொட்டு வாயில் வைத்தார். பிறகு போத்தலில் இருந்ததைத் தொட்டு வைத்தார். “அடி ஆத்தை. இரண்டும் ஒண்டுதான்.”

மச்சாள் சிரிக்கப் பார்த்தார். “என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறா.”

“இல்லை மச்சாள். போத்தலிலை இருக்கிறதும் நான் செய்ததுதான். உங்கடையை வாழையடியிலை ஊத்திப்போட்டன்.”

“ஏன்? ஆரைக் கேட்டு?”

“அதிலை நெத்தலி இருந்தது. முட்டையும் இருந்தது. கொடியேறின வீட்டிலை மச்சம் வைக்கப்படாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

சாப்பிட்ட கைகள் எல்லாம் இலையில் அப்படியே நின்றன.

“விரதத்திலையோ?” என்று மாமி மெல்லக் கேட்டார். “ஐயோ பிள்ளை, மச்சமோ விட்டுத் திண்டனீ?”

மச்சாள் போத்தலைப் பறித்து எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். அவர் முகத்தில் என்ன நடந்தது என்று நான் ஒவ்வொரு நொடியும் பார்த்தேன். பார்க்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

“எப்ப ஊத்தினனீர்?” என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது. “நான் தொடங்க முதலோ, பிறகோ? எத்தினையாம் நாள்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை நாளும் நான் என்ன வைத்திருந்தேன் என்று. கொடியேற முதலே ஊற்றிவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய நேர்த்தி முழுசாய் நிற்கும். உண்மையைச் சொன்னால் எட்டு நாள் உடைந்து போகும். ஒன்றும் சொல்லாவிட்டால், அவர் ஒவ்வொரு நாளையும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், கதவைப் பூட்டினோமா என்று நான் படுக்கையில் கிடந்து யோசிப்பதுபோல. அது எப்படி ஆளைத் தின்னும் என்று என்னைவிட ஆருக்குத் தெரியும்?

“சட்டி கழுவின நாள் நல்ல நினைவு மச்சாள்,” என்றேன். “உது நினைவில்லை.”

அவர் கனடாவுக்குத் திரும்பி ஐந்து மாதமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுக்கிறார். பிள்ளைகளைச் சுகம் கேட்கிறார், மழையைக் கேட்கிறார். பிறகு அந்தக் கேள்வி. மகளுக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை என்கிறார். எனக்கு அந்தப் பிள்ளையில் ஒரு கோபமும் இல்லை; அவளுக்காகச் சாமியிடம் நான் வேறாகக் கேட்கிறேன்.

“இஞ்சரும், சொல்லிவிடுமன், பாவம்,” என்று கணவர் ஒருநாள் சொன்னார்.

“அண்டைக்கு முற்றத்திலை நான் குந்தியிருக்கேக்கை பாவமாய்த் தெரியேல்லையோ?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதை எடுப்பதில்லை.

போன கிழமை மச்சாள் நீர் என்று சொல்லாமல் நீங்கள் என்று தொடங்கினார்.

“சட்டி மணக்கேல்லை. நான் பயணக் களைப்பிலை பிழையாய்ச் சொல்லிப்போட்டன். காணுமோ? இப்ப சொல்லுங்கோ, எத்தினையாம் நாள்?”

“எனக்குத் தனியச் சொன்னால் காணாது மச்சாள். அண்டைக்குப் பன்னிரண்டு பேர் நிண்டவை.”

“அப்ப அடுத்த கொடிக்கு வாறன். எல்லாரையும் கூப்பிடுங்கோ, அவைக்கு முன்னாலை சொல்லுறன். அதுக்குப் பிறகு நீங்கள் நாளைச் சொல்லவேணும்.”

“ஓம், சொல்லுறன்,” என்றேன்.

சொல்லத்தான் போகிறேன். கொடியேற முதல் என்ற சொல்லைக் கேட்கத்தான் அவர் இத்தனை தூரம் பறந்து வரப்போகிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்பேன். பிறகு, அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், உள்ளதை உள்ளபடி சொல்லுவேன்: ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.